விளையாட்டுச் செங்கல்லின் வரலாறு

விடுமுறைக்கு வந்த என் பேரன் ஒரு பெட்டி நிறைய லெகோ கற்களைக் கொண்டுவந்திருந்தான். பல நாள் தேடிச் சேர்த்தவையாம். அவற்றுள் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டி, "உள்ளே குழாய்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், தாத்தா. இல்லையென்றால் அது மிகப் பழைய கல்" என்றான். நாணயத்தின் இருபுறத்தையும் நோக்குமாறு மாணவர்க்குக் கற்பித்தவன் நான். கல்லின் அடிப்புறத்தை நோக்க அவனிடம் கற்றுக்கொண்டேன்.

ஆசிரியப் பயிற்சியின்போது, பிரோபெல் என்னும் ஜெர்மானியக் கல்வியாளரைப் பற்றிப் படித்ததுண்டு. 19-ஆம் நூற்றாண்டிலேயே, மரக் கனசதுரம் ஒன்றை எட்டாகப் பகுத்துக் குழந்தைகளின் கையில் கொடுத்தவர் அவர். ஆயினும் அக்கட்டைகள் கை பட்டாற் சரிந்துவிடும். ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் கல் பின்னரே வந்தது.

அதனை ஆக்கியவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர், இங்கிலாந்தில் கிடிகிராஃப்ட் என்னும் நிறுவனத்தை நடத்திய ஹிலாரி ஃபிஷர் பேஜ். குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி நூலே எழுதியவர். மேலே குமிழ்களும் உள்ளே வெற்றிடமும் கொண்ட பிளாஸ்டிக் கற்களை அவர் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலெ கிர்க் கிறிஸ்டியான்சன் என்றொரு தச்சர் இருந்தார். வணிக மந்தத்தால் வேலை குறையவே, 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934-இல் 'லெகோ' என்று பெயர் வைத்தார். போருக்குப்பின் பிளாஸ்டிக் வார்க்கும் எந்திரம் வாங்கியபோது, பேஜின் கற்கள் மாதிரியாக அவர் கைக்கு வந்தன. அங்குல அளவைச் சென்டிமீட்டருக்கு மாற்றி, மூலைகளை நேராக்கி, 1949-இல் அவரும் அத்தகைய கற்களை வெளியிட்டார்.

பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதியவனுக்கு நான் மதிப்பெண் தந்ததில்லை. ஆனால் இம்மாணவன் அத்துடன் நிற்கவில்லை. உள்ளே வெற்றிடமான கற்கள் எளிதிற் கழன்று விழுந்தன. 1958 சனவரி 28-இல் ஓலெயின் மகன் கோட்ஃபிரெட் புதியதோர் அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். எட்டுக் குமிழ்க் கல்லின் உள்ளே மூன்று குழாய்கள். கீழ்க்கல்லின் குமிழ், குழாய்க்கும் சுவருக்கும் இடையே இறுகச் சிக்கிக்கொள்ளும். இப்பிடிப்பைப் பேஜ் கண்டறியவில்லை. அன்று வார்த்த கல்லின்மேல் இன்று வார்க்கும் கல்லும் பொருந்துகிறது என்றால், அந்தப் புகழ் பில்லுண்டுக்கே உரியது. அவ்வாண்டு மார்ச்சில் ஓலெ மறைந்தார்.

பேஜோ 1957-இலேயே காலமாகிவிட்டார். டென்மார்க்குக் கற்கள் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது அதன் பின்னரே. கிடிகிராஃப்ட் கல்லுக்கு எஞ்சியிருந்த உரிமைகளை லெகோ நிறுவனம் 1981-இல் விலைக்கு வாங்கிற்று. பேஜின் கல்லே மூலம் என்பதனை, வேறொரு வழக்கில் பிரிவி கவுன்சில் 1988-இல் வழங்கிய தீர்ப்பும் எடுத்துரைக்கிறது. பழைய கற்களைத் தேடிச் சேர்ப்போர் இன்று பேஜின் பெயரைத் தவறாமற் சொல்கிறார்கள்.

என் பேரனின் பெட்டியில் பேஜின் கல் ஒன்றுகூட இல்லை. ஒன்று வாங்கித் தர வேண்டுமாம். விலையைச் சொன்னான், அடுத்த மாத ஓய்வூதியம் வரட்டும் என்றிருக்கிறேன்.