நீண்ட கோடை விடுமுறையும் ஆண்டு முழுவதும் இயங்கும் பள்ளியும்: பட்டான்செருவிலிருந்து ஒரு வரலாற்று ஆய்வு

தெலங்கானாவின் பள்ளி நாட்காட்டி பெரும்பாலும் மாறாத வடிவம் கொண்டது. ஜூன் 12இல் பள்ளி திறக்கும். ஏப்ரல் 23 கடைசி வேலைநாள். அதன்பின் ஏழு வாரம் கதவு சாத்தியிருக்கும். இந்த ஏழு வாரத்தை உடைத்து ஆண்டு முழுவதும் பகிர்ந்து வைத்தால் என்ன என்ற கேள்வி உலகின் பல நாடுகளில் ஒரு நூற்றாண்டாகவே எழுந்துவருகிறது. ஹைதராபாத்தின் வடமேற்கு விளிம்பில் தொழிற்பேட்டையும் வயல்காடும் உரசி நிற்கும் பட்டான்செரு, இந்தக் கேள்வியை ஆராய மிகப் பொருத்தமான இடம். அங்கே 1972 முதல் இயங்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம், தக்காணத்துக் கிராமக் குடும்பங்களின் பருவகால வாழ்க்கையைப் பல ஆண்டுகள் விடாமல் பதிவு செய்துள்ளது.

நீண்ட விடுமுறை எப்படி உருவானது, அதை மாற்ற நடந்த முயற்சிகள் என்ன ஆயின என்பதை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது. விடுமுறையின் நீளத்தை மட்டும் பேசிப் பயனில்லை, பள்ளி மூடும்போது குழந்தைக்கு எவையெல்லாம் நின்றுபோகின்றன என்பதையே முதலில் பேச வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாவு நாளும் கோடை விடுமுறையும்

பழைய திண்ணைப் பள்ளிகளில் விடுமுறை மாதந்தோறும் சிதறிக் கிடந்தது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, அஷ்டமி ஆகிய திதிகளில் பாடம் இல்லை; இவற்றையே வாவு நாள் என்றார்கள். தாமஸ் மன்றோவின் ஆணைப்படி சென்னை மாகாணத்தில் நடந்த கல்விக் கணக்கெடுப்புக்குப் பெல்லாரி கலெக்டர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை, அந்தப் பள்ளிகளின் அன்றாடத்தை நுட்பமாகக் காட்டுகிறது. பாடம் காலை ஆறு மணிக்கே தொடங்கும். முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதிப் பாராட்டுவார்கள். மூன்றாவதாக வருபவனுக்கு இலேசாக ஓர் அடி. பின்னால் வருபவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடும். வெயில் ஏறுமுன் பாடத்தைத் தொடங்கிவிடுவது அந்த ஒழுங்கில் இயல்பாகவே அமைந்திருந்தது.

1854ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசு மானியமும் ஆய்வாளர் முறையும் வந்தன. பள்ளிகள் மெல்ல மெல்ல ஒரே மாதிரியான ஆண்டுக்குள் கொண்டுவரப்பட்டன. 1864இல் சிம்லா கோடைத் தலைநகரம் ஆனது. சென்னை அரசு உதகைக்குப் போனது. நீதிமன்றங்களும் கல்லூரிகளும் கோடையில் நீண்ட விடுமுறை விட்டன. பள்ளிகளும் அந்த வழக்கத்துக்குள் வந்து சேர்ந்தன.

வெயில் பொய்யான காரணம் அல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 545 மீட்டர் உயரத்தில் இருந்தும் பட்டான்செருவில் மே மாதப் பகல் 40 பாகையைத் தொட்டு நிற்கும். மார்ச் நடுவிலேயே தெலங்கானாப் பள்ளிகள் அரைநாள் பள்ளிகளாக மாறிவிடுகின்றன. தெலுங்கில் அதை ‘ஒண்ட்டிப்பூட்ட படி’ என்பார்கள். ஆனால் இந்த நாட்காட்டி உழவரின் வேலையைக் கணக்கில் கொண்டது அல்ல. ஜூன் இரண்டாம் வாரத்தில், உழவர் நாட்காட்டியின் மிருகசிர கார்த்தி பிறந்ததும் இங்கே விதைப்பு தொடங்குகிறது. பள்ளி திறப்பதும் அதே வாரத்தில்தான். மானாவாரி நிலத்தில் வேலை குறைந்த நாட்களில் பள்ளி மூடியிருக்கிறது. வேலைக்கு ஆள் தேடும் நாட்களில் திறக்கிறது.

288இலிருந்து 200 வரை

ஆண்டு முழுவதும் பள்ளி நடத்தும் எண்ணம் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தது என்று நினைப்பது தவறு. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாடு, ஹைதராபாத்தில் பிறந்த ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் பள்ளி ஆண்டுக்கு 288 நாள் நடக்கும். மாதத்துக்குச் சராசரி 24 நாள், நாளுக்கு ஐந்தரை மணி நேரம். அதில் மூன்று மணி இருபது நிமிடம் கைத்தொழிலுக்கு. நூல் நூற்பதும் தோட்ட வேலையும் பாடத்தின் உள்ளேயே இருந்ததால், நீண்ட இடைவெளி அந்தத் திட்டத்துக்குத் தேவைப்படவில்லை.

விடுதலைக்குப் பின் அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1966இல் பள்ளிகளுக்கு 39 வாரம், அதாவது 234 நாள் பாடம் நடக்க வேண்டும் என்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், 800 மணி நேரம் என்றும், ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம் என்றும் குறைந்தபட்ச அளவை வகுத்தது. பள்ளி நேரத்தையும் விடுமுறையையும் குழந்தைகளின் வசதிக்கேற்ப அமைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வெளிப்படையாகவே சொல்லியிருந்தது. நாட்களின் எண்ணிக்கை சட்டத்தில் ஏறியது. குழந்தையின் வசதி கொள்கை ஏட்டிலேயே தங்கிவிட்டது.

தெலங்கானா 2016இல் ஒரு மாற்றத்தைச் சோதித்துப் பார்த்தது. தேர்வு முடிந்ததும் மார்ச் 21இலேயே புதிய கல்வி ஆண்டைத் தொடங்கி, ஏப்ரல் வரை அடுத்த வகுப்பின் பாடத்தை நடத்துவது என்று முடிவானது. அந்த ஆண்டு வெயில் கடுமையாக இருந்தது. விடுமுறையை ஏப்ரல் நடுவிலேயே அறிவிக்க நேர்ந்தது. கட்டடத்தையும் குடிநீரையும் மின்விசிறியையும் சரிசெய்யாமல் தேதியை மட்டும் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கோடை சான்று.

பட்டான்செருவின் கிராம ஏடுகள்

இக்ரிசாட்டின் முதன்மை வேலை சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகியவற்றின் ஆய்வு. ஆனால் 1975இல் அது தொடங்கிய கிராம ஆய்வுகள் கல்வி வரலாற்றுக்கும் பெரும் கொடை. அன்றைய மகபூப்நகர் மாவட்டத்தின் அவுரேபள்ளி, டோகூர் முதலிய கிராமங்களில் ஆய்வாளர்கள் குடியிருந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே வீடுகளுக்குச் சென்று, யார் எந்த வேலைக்குப் போனார்கள், எவ்வளவு கூலி வந்தது, என்ன கடன் வாங்கினார்கள் என்று குறித்துக்கொண்டார்கள்.

இந்தத் தரவை வைத்து ஹனான் ஜேக்கபி, இம்மானுவேல் ஸ்கூஃபியாஸ் ஆகிய இரு பொருளியலாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. பருவத்துக்குப் பருவம் வருமானம் ஏறி இறங்கும்போது குழந்தைகளின் பள்ளி வருகையும் ஏறி இறங்குகிறது. கடன் கிடைக்காத வீடு, வருமானம் குறைந்த மாதத்தில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி நிலைமையைச் சமாளிக்கிறது. சராசரியாகப் பார்த்தால் இதனால் வரும் கல்வி இழப்பு பெரிதல்ல என்றும் அவர்கள் கண்டார்கள். அரசு அச்சிடும் நாட்காட்டி ஒன்று, ஏழை வீடு கடைப்பிடிக்கும் நாட்காட்டி வேறொன்று என்பதை இந்த ஏடுகள் மெய்ப்பிக்கின்றன. இரண்டாவதை இயக்குவது மழையும் கூலியும்.

இன்னொரு நாட்காட்டியும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஒடிசாவின் பலாங்கிர் பகுதியிலிருந்து குடும்பங்கள் நவம்பர், டிசம்பரில் ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளுக்கு வருகின்றன. மழைக்கு முன், ஜூன் வாக்கில் ஊர் திரும்புகின்றன. தாய் மண் குழைக்க, தந்தை அச்சில் அடிக்க, பச்சைக்கல்லைக் காயவைக்கத் திருப்பிப் போடுவது குழந்தையின் வேலையாகிறது. ஊரில் பள்ளி நடக்கும்போது அந்தக் குழந்தை சூளையில் இருக்கிறது. சூளையருகே ஒடியா மொழிப் பள்ளி அமைந்தாலும், ஏப்ரல் முடிவில் விடுமுறை விட்டால் வேலை உச்சத்தில் இருக்கும் மே மாதத்தில் அந்தக் குழந்தைக்குப் போக இடமில்லை.

பிற நாட்டு அனுபவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கப் பெருநகரப் பள்ளிகள் ஆண்டின் பெரும்பகுதி திறந்தே இருந்தன; கிராமப் பள்ளிகள் கோடையிலும் குளிர்காலத்திலும் நடந்தன, விதைப்புக்கும் அறுவடைக்கும் மூடின. நீண்ட கோடை விடுமுறை உழவுக்காக வந்தது என்ற அங்குள்ள நம்பிக்கைக்கு வரலாற்றுச் சான்று இல்லை. 1904இல் இண்டியானாவின் பிளஃப்டனில் வில்லியம் வர்ட் ஆண்டு முழுவதுமான பள்ளியைத் தொடங்கினார். நியூவார்க் நகரம் 1912 முதல் 1931 வரை அதை நடத்தியது. பொருளாதாரப் பெருமந்தத்தில் கைவிட்டது. 1970இல் இல்லினாயின் வேலி வியூ மாவட்டம் 45 நாள் பாடம், 15 நாள் விடுமுறை என்ற முறையைக் கட்டாயமாக்கியது. மாணவர்களை நான்கு பிரிவாக்கி எப்போதும் ஒரு பிரிவை விடுமுறையில் வைத்தார்கள்; கட்டடம் போதாததே இதற்குக் காரணம். இட நெருக்கடி மிகுந்த கலிஃபோர்னியாப் பள்ளிகளில் இதன் ஒரு வடிவம் பாட நாட்களை 180இலிருந்து 163ஆகக் குறைத்தது. ஏழைக் குழந்தைகளே அதில் சிக்கினார்கள். 2004ஆம் ஆண்டின் வழக்கு உடன்பாடு அதை 2012க்குள் நிறுத்தச் சொன்னது.

கற்றல் விளைவு பற்றிய முடிவுகளும் எச்சரிக்கையானவை. ஹாரிஸ் கூப்பர் குழு 1996இல் தொகுத்த ஆய்வுகளின்படி, கோடையில் குழந்தைகள் சராசரியாக ஒரு மாதக் கற்றலை இழக்கிறார்கள். வாசிப்பில் ஏழைக் குழந்தைகளின் இழப்பு கூடுதல். ஆனால் வட கரோலினாவின் வேக் மாவட்டத்தில் அதே 180 நாளைப் பகிர்ந்து வைத்த பள்ளிகளை 2012இல் ஆராய்ந்தபோது சராசரி மாணவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நாட்களை இடம் மாற்றுவதால் மட்டும் கல்வி வளராது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இலங்கை. அங்கே ஜனவரியில் ஆண்டு தொடங்கி மூன்று தவணைகளாக நடக்கிறது. ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டியும், ஆகஸ்டிலும், டிசம்பரிலும் விடுமுறை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சித்திரைப் பிறப்பும் நல்லூர்த் திருவிழாக் காலமும் பெரும்பாலும் விடுமுறையை ஒட்டியே வருகின்றன. ஏழு வார இடைவெளி இல்லாமலே வெப்ப நாட்டில் பள்ளிகள் தலைமுறைகளாக நடக்கின்றன. கேரளத்திலும் 2025 ஜூலையில் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி, விடுமுறையை மழை மாதங்களுக்கு மாற்றலாமா என்ற பொது விவாதத்தைத் தொடங்கிவைத்தார்.

மூடும்போது நின்றுபோவது

உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் சமைத்த மதிய உணவைக் கட்டாயமாக்கியபோது குறைந்தது 200 நாள் என்று அளவு வைத்தது. மீதி நாட்களின் பசி 2004இல் நீதிமன்றத்துக்கு வந்தது. வறட்சிப் பகுதிகளில் கோடையிலும் உணவு தர ஆணை பிறந்தது. 2016 மே மாதத்தில் ஸ்வராஜ் அபியான் வழக்கில் அதே ஆணையை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கதவு சாத்தினால் தட்டும் காலியாகிறது என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமே இருமுறை பதிவு செய்துள்ளது.

விடுமுறையை வேறு விதமாகப் பயன்படுத்திய முன்மாதிரியும் பட்டான்செருவுக்கு அருகிலேயே உண்டு. பேராசிரியர் சாந்தா சின்ஹா வழிநடத்திய எம். வி. அறக்கட்டளை 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டத்தில் கொத்தடிமைச் சிறாரையும் வேலைக்குப் போன சிறாரையும் முகாம்களில் சேர்த்து, வயதுக்கேற்ற வகுப்புக்குத் தயார்செய்து, பள்ளியில் சேர்த்தது. 2003இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பீகாரின் ஜகானாபாதில் 2008இல் பிரதம் அமைப்பின் துணையோடு அரசு ஆசிரியர்களே நடத்திய கோடை முகாமிலும் குழந்தைகளின் வாசிப்பு தெளிவாக உயர்ந்தது. அதே ஆசிரியர்கள், அதே பிள்ளைகள். கவனம் முழுவதும் வாசிப்பில் இருந்ததே வேறுபாடு.

முடிவுரை

இந்த வரலாறு இரண்டு பாடங்களைத் தருகிறது. நீண்ட கோடை விடுமுறை மாற்ற முடியாத இயற்கை நியதி அல்ல. அதைத் துண்டாக்கிப் பகிர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. வெயில் உச்சமாகும் மே மாதத்தில் வகுப்பு வேண்டாம். எஞ்சிய வாரங்களை விதைப்புக்கும் பருத்தி எடுப்புக்கும் தசராவுக்கும் சங்கராந்திக்கும் அந்தந்த வட்டாரமே பிரித்துக்கொள்ளட்டும். பள்ளிச் சமையலறையும் நூலகமும் எந்த மாதத்திலும் மூடக் கூடாது. சூளைப் பள்ளி, சூளை அணையும் வரை நடக்க வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, கல்வி நாட்காட்டியை முடிவு செய்யும் கடமையை உள்ளாட்சி அமைப்பிடமே ஒப்படைத்துள்ளது. தொழிற்பேட்டைக்கும் துவரை வயலுக்கும் காட்டுக் கிராமத்துக்கும் ஹைதராபாத்திலிருந்து ஒரே தேதிப் பட்டியல் போவது சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது. பட்டான்செருவின் பெற்றோரும் ஆசிரியர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் அந்த அதிகாரத்தைக் கேட்டுப் பெற வேண்டும். 1975இல் தொடங்கிய அந்தக் கிராம ஏடுகள், எந்த மாதத்தில் எந்த வீடு தள்ளாடுகிறது என்பதைக் காட்டும் வழியை ஏற்கெனவே வகுத்துத் தந்திருக்கின்றன. அப்படியொரு கணக்கை ஒவ்வொரு மண்டலமும் தன் குழந்தைகளுக்காக எடுத்து, அதன்மேல் தன் பள்ளி ஆண்டை அமைப்பதே அடுத்து நடக்க வேண்டிய வேலை.