பீடிங் ஏன் கழன்றது? டிரெய்லர் வீடுகளின் ஒரு சின்ன வரலாறு

பி.காம் படிக்கிறவனுக்கு ஆசாரி வேலையில் என்ன அக்கறை என்று கேட்காதீர்கள். கிளறிப் பார்த்தால் இதற்குள்ளும் காஸ்டிங் கணக்குதான் இருக்கிறது.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். டிராவல் டிரெய்லர் என்று பெயர். 1929 வாக்கில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியல் நிபுணர், குடும்பத்தோடு சுற்றுலா போவதற்காகத் தானே ஒன்றை வடிவமைத்தார். அது பிடித்துப்போய் மற்றவர்களும் கேட்கவே, 'கவர்டு வேகன்' என்ற கம்பெனி பிறந்தது. 1936-இல் அந்தத் தொழிலில் அதுதான் முன்னணி.

1950-களில் வந்த சின்ன டிரெய்லர்களைச் செய்த விதம் வேடிக்கையானது. உள்ளேயிருந்து வெளியே வருவார்கள். முதலில் உட்சுவருக்கு மெல்லிய பிர்ச் பிளைவுட், அதன் பின்னால் மரச்சட்டம், பிறகு வயர், கடைசியாக வெளியே அலுமினியத் தகடு. இரண்டு பிளைவுட் சேரும் இடத்தில் தெரியும் இடைவெளியை மறைக்க மேலே ஒரு பீடிங். நம் ஊர் ஆசாரிகள் கதவிலும் அலமாரியிலும் அடிக்கும் அதே பீடிங்தான்.

ஆனால் நம் வீடு ஓடாது, இந்த வீடு ஓடும்! ஒவ்வொரு குலுக்கலிலும் சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும். அந்த அசைவெல்லாம் மூட்டில் வந்து சேர, மூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் பீடிங்தான் முதலில் கழலும். இன்னொரு காரணம் தண்ணீர். கூரை ஓரத்திலோ ஜன்னல் மூலையிலோ கசிந்தால் உள்ளே சட்டம் ஊறி உளுத்துவிடும். அப்புறம் ஆணிக்குப் பிடிமானம் ஏது?

பிற்காலத்தில் செலவைக் குறைக்கும் கணக்கு வந்தது. ஒரு ஸ்க்ரூ முடுக்கும் நேரத்தில் காற்றுத் துப்பாக்கியால் பல ஸ்டேப்பிள் பின் அடித்துவிடலாம். மரத்துக்குப் பதில் மரப்படம் ஒட்டிய எம்.டி.எஃப் பட்டை. தொழிற்சாலைக்கு லாபம்தான். ஆனால் மிச்சம் பிடித்த அந்தச் செலவு எங்கும் போய்விடவில்லை. சில வருடம் கழித்து வாங்கியவர் தலையில் வந்து விழுகிறது.

அதனால் பீடிங் கழன்றால் உடனே சுத்தியலைத் தேடக் கூடாது. பக்கத்துப் பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் உள்ளே ஈரம். முதலில் கசிவை அடைத்து, காயவிட்டு, உளுத்த சட்டத்தை மாற்ற வேண்டும். காய்ந்து கெட்டியாக இருந்தால் பழைய பின்களைப் பின்பக்கமாக இழுத்தெடுத்துவிட்டு, மெல்லிய பலகையில் அல்ல, அதன் பின்னால் உள்ள சட்டத்தில் ஏறும்படி ஸ்க்ரூ போடலாம். நீள ஸ்க்ரூ கூடாது. சுவருக்குள் வயர் ஓடுகிறது, அதற்கடுத்து வெளித்தகடு.

இதே மலிவுக் கணக்கு ஒருமுறை மனிதர்களின் மூச்சிலேயே கைவைத்தது. 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அமெரிக்க அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமா டிரெய்லர்களைக் கொடுத்தது. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று குடியிருந்தவர்கள் 2006-லேயே புகார் சொன்னார்கள். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வந்துகொண்டிருந்தது. வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் அது இன்னும் அதிகமாக வரும்.

காற்றைச் சோதித்தால் பொறுப்பேற்க வேண்டிவரும் என்று ஃபீமா வழக்கறிஞர்களே தயங்கியது 2007 ஜூலையில் நாடாளுமன்றக் குழு விசாரணையில் அம்பலமானது. பிறகு நோய்த் தடுப்பு மையம் 519 வீடுகளைச் சோதித்தது. 2008-இல் வந்த முடிவு: சராசரி 77 பிபிபி, அதாவது நூறு கோடியில் 77 பங்கு. சாதாரண வீடுகளில் 10 முதல் 20 வரைதான் இருக்கும். 2010-இல் இந்தப் பலகைகளிலிருந்து வரும் வாயுவுக்கு வரம்பு வைத்துச் சட்டம் வந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். கழன்ற பீடிங்கும் ஒரு புகார்தான், சுவருக்குள்ளிருந்து வரும் புகார். மேலே ஒரு ஆணி அடித்து அதன் வாயை மூடிவிடலாம். ஆனால் உள்ளே உளுத்துக்கொண்டிருப்பது நிற்காது. கத்ரீனா மக்களின் புகாரும் அப்படித்தான் நாள் கணக்கில் மூடிவைக்கப்பட்டது. அந்த நாட்கள் முழுக்க அவர்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். எந்த லெட்ஜரில் அதை எழுதுவது?