நூற்கட்டு வகுப்பின் தோற்றம்: ஒரு வரலாற்று நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோலாற் கட்டப்பெற்ற ஆங்கில நூலொன்றைப் பழைய நூலகத் தட்டிலிருந்து எடுப்போர் பலர், தம் கையிற் செந்நிறத் தூள் படிவதைக் கண்டிருப்பர். உள்ளே தாள் வாசிக்கத்தக்க நிலையில் இருக்கும்; முதுகுத் தோலோ தொட்டவிடத்தில் உதிரும். அதற்கு முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட நூல்கள் பலவற்றின் தோல் இன்றும் உறுதி குன்றாதிருக்க, பொறிகளும் இரசாயன அறிவும் பெருகிய காலத்தில் நூற்கட்டு மட்டும் தாழ்ந்தது ஏன்? இவ்வினா இலண்டனில் வலுப்பெற்ற அதே ஆண்டுகளிலேதான், நூல் கட்டும் தொழிலை முதற்படியிலிருந்து கையாற் பயிற்றும் வகுப்பும் அந்நகரில் உருப்பெற்றது. இவ்விரண்டும் தற்செயலாக ஒருங்கே நிகழ்ந்தவையல்ல என்பதை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்காலத்தில் இத்தொழிலைக் கற்க ஒரேயொரு வழியே இருந்தது. சிறுவனொருவன் ஆசானிடம் ஒப்பந்தப்பட்டு, பொதுவாக ஏழாண்டுகள் பட்டறையில் உழைத்துக் கற்றான். 1820களில் இங்கிலாந்திற் பதிப்பாளர்கள் துணியுறையிட்ட நூல்களை வெளியிடத் தொடங்கியபின் இந்நிலை மாறலாயிற்று. மேலுறை தனியே செய்யப்பட்டுப் பின்னர் நூலோடு ஒட்டப்பட்டது. பெரிய பட்டறைகளில் வேலை கூறுகூறாகப் பிரிந்தது. தாளை மடிப்பதும் தைப்பதும் பெண்களுக்குரியவை. முதுகை வளைப்பதும், மட்டை பொருத்துவதும், தோல் போர்ப்பதும், பொன்னெழுத்துப் பொறிப்பதும் ஆண்களுக்குரியவை. ஒரு நூலை முதலிலிருந்து முடிவுவரை ஒருவரே கட்டுதல் அரிதாயிற்று. விரைவு கருதி முதுகில் வாளால் அறுத்துக் கயிறுகளை அப்பிளவுகளில் மறைத்தனர். பின்னர் பழைய நூல்களின் முதுகில் தையற்கயிறு புடைத்து நிற்கும் அழகை நாடி, வெறும் போலி வரம்புகளைத் தோலின் கீழே ஒட்டினர். இத்தகைய பட்டறையிற் பயின்றவன் ஏழாண்டின் முடிவிற் கற்றது தொழிலின் ஒரு கூறும், அக்கூறுக்குரிய குறுக்கு வழிகளுமேயாகும்.

1883ஆம் ஆண்டில் இந்நிலைக்குப் புறத்தேயிருந்து ஒருவர் வந்தார். கொப்டன் சாண்டர்சன் என்பார் சட்டத்தரணி. அப்போது அவருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. கையால் ஏதேனும் தொழில் செய்ய அவாவிய அவருக்கு, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொரிசின் மனைவி ஜேன் மொரிஸ், நூற்கட்டினைப் பயிலலாமே என்றார். அவரும் றொஜர் டி கவர்லி என்னும் தொழிலாளரின் பட்டறையிற் சேர்ந்து பயின்று, மறுவருடமே தனிப்பட்டறை தொடங்கினார். பிற்காலத்தில் தமது அச்சகத்தின் எழுத்துக்களைத் தேம்ஸ் நதியில் எறிந்தவர் என்றே பலரும் இவரை நினைவுகூர்வர். அது சுவையான கதையே. எனினும் கற்றவரொருவர் பசைக்கிண்ணத்தைக் கையிலெடுத்தாரென்பதே என் நோக்கிற் பெரிய செய்தி. கைத்தொழிலைக் கல்விக்கு எதிர்ப்பதமாகக் கருதும் மனப்பாங்கு நமக்கும் புதிதன்றே! ஆயினும் அவர் கட்டிய அழகிய நூல்கள் செல்வர் சிலரின் பேழைகளையே சென்றடைந்தன. பொது நூலகத்தின் நூல்கள் முன்போலவே உதிர்ந்துகொண்டிருந்தன.

இவ்விடைவெளியை நிரப்பியவர் டக்ளஸ் கொக்கரெல் (1870–1945). 1893இல் கொப்டன் சாண்டர்சன் நிறுவிய டவ்ஸ் நூற்கட்டுப் பட்டறையிற் பயின்ற இவர், 1897இல் இலண்டன் மத்திய கலை கைப்பணிக் கல்லூரியில் நூற்கட்டு ஆசிரியரானார். இலண்டன் மாநகரப் பகுதி மன்றம் 1896இல் நிறுவிய அக்கல்லூரியை வழிநடத்தியவருள் முதன்மையானவர் கட்டடக் கலைஞர் லெதபி. அவர் பதிப்பித்த கைப்பணி நூல் வரிசையின் முதல் நூலாக, கொக்கரெலின் நூற்கட்டுக் கையேடு 1901இல் வெளிவந்தது.

அக்கையேட்டைப் புரட்டுவோர்க்கு அவர் கற்பித்த முறை விளங்கும். அழகு வேலை பின்னரே வருகின்றது. முதலில் மடிப்புகளைச் சரிபார்த்தல், கிழிந்த தாளைச் செப்பனிடுதல், தையற்சட்டத்திற் கயிறுகளை நிறுத்தி ஒவ்வொரு மடிப்பாகத் தைத்தல், பின்பு கயிற்று நுனிகளை மட்டையின் துளைகளிற் கோத்து இறுக்குதல் என்று வேலை செல்கின்றது. கயிறு முதுகின்மேல் வெளிப்படையாக நிற்கவேண்டும்; அறுத்து மறைத்தலை அவர் ஏற்கவில்லை. விலையுயர்ந்த நூல் முதல் மலிவான நூல் வரை பல தரங்களுக்குத் தனித்தனியே விதிமுறைகளையும் வகுத்துத் தந்தார். செலவைக் குறைக்க வேண்டின் அலங்காரத்தைக் குறைக்கலாம், உறுதியைக் குறைக்கலாகாது என்பதே அவ்விதிகளின் சாரம் எனலாம். பட்டறையிற் சிதறுண்டு கிடந்த தொழில், இங்ஙனம் கற்கத்தக்க ஒரு முழுமையாக மீண்டது.

பெண்களைப் பொறுத்தவரை தனிப்பயிற்சியும் இதே பயனைத் தந்தது. தையலோடு நிறுத்தப்பட்டிருந்த அவர்கள் முழு நூலையும் கட்டலாயினர். சாரா பிறிடோ என்னும் நூற்கட்டுக் கலைஞரிடம் 1897இல் மூன்று மாதம் பயின்ற கதரின் அடம்ஸ், பின்னர் தமக்கென ஒரு பட்டறையே நடத்திப் புகழ்பெற்றார்.

இனி, உதிரும் தோலுக்கு வருவோம். 1900இல் இலண்டன் கலைகள் கழகம் இதனை ஆராயக் குழுவொன்றை நியமித்தது. கொக்கரெலும் அதில் ஓர் உறுப்பினர். 1901இல் வெளிவந்த அறிக்கை, சாயமிடுகையிற் கந்தக அமிலம் பயன்படுத்தலையும், நூலகங்களில் எரிந்த வாயு விளக்கின் புகையையும், சிலவகைப் பட்டைகளாற் பதனிடுதலையும் குற்றஞ்சாட்டியது. 'பேர்சியன்' என்ற வணிகப் பெயரில் மலிவாக விற்கப்பட்ட ஆட்டுத்தோல் மிகக் கேடானதென அது கண்டது. பெயர் பாரசீகத்தினதாயினும் அத்தோல் பெரும்பாலும் தென்னிந்தியாவிற் பதனிடப்பட்டது. பதனிட்ட பட்டையோ நாம் ஆவரசு என்றும் ஆவாரை என்றும் வழங்கும் செடியின் பட்டை. சிசிலித் தீவின் சுமாக் இலையாற் பதனிட்ட தோல் நூற்கட்டுக்கு நன்கு நிலைத்தது.

இதனைக் கொண்டு சென்னை மாகாணத்துத் தோல் பதனிடுவோரைப் பழித்தல் பொருந்தாது. அவர்கள் தம் ஊரிற் கிடைத்த பட்டையால் தம் முறைப்படி தோலைப் பதனிட்டனர். அத்தோல் மலிவானது என்பதற்காகவே அதனை நூலின் முதுகிற்குத் தெரிந்தெடுத்தது இலண்டன் சந்தை. மேலே மினுமினுக்கும் தோலைக் கண்டு விலை பேசும் நூலகர்க்கு அது எதனாற் பதனிடப்பட்டதென அறிய வழியிருக்கவில்லை. தோலை வேறுபடுத்தி அறியும் அவ்வறிவைக் கொக்கரெல் தம் கையேட்டிலேயே சேர்த்து, அறிக்கையின் முடிவுகளையும் எடுத்துரைத்தார்.

பயனைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டும். 1933இற் பிரித்தானிய நூதனசாலை சோவியத் அரசிடமிருந்து ஓரிலட்சம் பவுணுக்கு வாங்கிய, நான்காம் நூற்றாண்டுக்குரிய சினாய் விவிலியக் கையெழுத்துப் படியை 1935இற் கட்டியவர் கொக்கரெலே. மத்திய கல்லூரியில் 1930இல் மாணவராகச் சேர்ந்த றொஜர் பவெல், அதற்குமுன் கோழிப்பண்ணை நடத்தியவர். வயது முப்பதைக் கடந்த தொடக்கநிலை மாணவர். அவரே 1953இல் அயர்லாந்தின் புகழ்பெற்ற கெல்ஸ் நூலினை நான்கு தொகுதிகளாகக் கட்டினார். 1966 நவம்பர் 4ஆந் திகதி ஆர்னோ நதி பெருகிப் புளோரன்ஸ் நகரத் தேசிய நூலகத்தை மூழ்கடித்தபோது, நூல்களைக் காக்க இங்கிலாந்திலிருந்து சென்றோருள் பவெலும், அவருடன் கூட்டாகத் தொழில் புரிந்த பீற்றர் வாற்றர்சும் இருந்தனர்.

அச்சேற்றிடையே எதிர்பாராத ஒன்று புலப்பட்டது. கனத்த மட்டையும் பசையும் கொண்ட கட்டுகள் பல ஊறிச் சிதைந்திருக்க, பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் மலிவாகச் செய்யப்பட்ட வளைதோற் கட்டுகள் நீரை நன்கு தாங்கியிருந்தன. அவற்றில் மட்டையில்லை, பசையும் மிகச் சிறிதே. பதனிடாத மெல்லிய வெண்தோலுறை தையற்கயிற்றிலேயே தொங்கியது. கொப்டன் சாண்டர்சனின் அழகுணர்ச்சி பொருட்படுத்தாத எளிய கட்டு அது. புளோரன்சிற் பணியாற்றிய கிறிஸ்தோபர் கிளாக்சன் அதனை விரிவாக ஆராய்ந்து 1982இல் சிறு நூலொன்று வெளியிட்டார். அதன்பின் நூற்கட்டுப் பயிற்சிகளில் அவ்வளைதோற் கட்டும் ஒரு பாடமாக இடம்பெறலாயிற்று.