ஜிம் கிரே கேட்ட இருபது கேள்விகள்

ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கிறீர்கள். பாதியில் லைன் கட்டாகிவிடுகிறது. பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது என்ற நிலைமையில் பேங்கின் டேட்டாபேஸ் உங்களை அம்போவென்று விட்டுவிடக் கூடாது. ஒன்று முழுதாக நடக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடக்காதது போல ஆகிவிட வேண்டும். இதைத்தான் எங்கள் தொழிலில் டிரான்சாக்‌ஷன் என்கிறோம். அதற்கு ஒழுங்கான அடித்தளம் போட்டவர்களில் முதல் வரிசைக்காரர் ஜிம் கிரே. 1998-ல் அதற்காக ட்யூரிங் விருது வாங்கினார். டேட்டாபேஸை வைத்துச் சோறு சாப்பிடும் என்னைப் போன்றவர்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி.

இன்று வானியல் படிக்கும் ஒரு பள்ளி மாணவன், ஆராய்ச்சியாளர்கள் பார்க்கும் அதே கேலக்ஸியை, அதே எண்களோடு, வீட்டில் உட்கார்ந்தபடி பார்க்கிறான் என்றால் அதிலும் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. டேட்டாபேஸ் ஆட்களுக்கு இது ஓரளவு தெரியும். வானியல் ஆர்வலர்கள் பலருக்குத் தெரியாது.

முன்பு நிலைமை எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். 1949-ல் தொடங்கி பலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியால் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தார்கள். அதன் பிரதிகளை உலகத்தின் பெரிய வானாய்வகங்கள் விலை கொடுத்து வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டன. பார்க்க வேண்டுமென்றால் அங்கே போக வேண்டும், உள்ளே விடும் தகுதியும் வேண்டும். 1994-ல் அந்தத் தகடுகளை ஸ்கேன் செய்து 102 சி.டி.க்களாக வெளியிட்டார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் எந்தப் பள்ளி 102 சி.டி. வாங்கும்? அப்படியே வாங்கினாலும் அது படம் மட்டும்தான். படத்தில் இருப்பவற்றில் சிவப்பாக உள்ளவை எத்தனை என்று சி.டி.யிடம் கேட்க முடியாது.

அடுத்து வந்தது ஸ்லோன் டிஜிட்டல் வான் ஆய்வு. நியூ மெக்சிகோவில் அப்பாச்சி பாயின்ட் என்ற இடத்தில் 2.5 மீட்டர் தொலைநோக்கி, அதில் 30 சி.சி.டி. சில்லுகள் கொண்ட கேமரா, ஐந்து வண்ண வடிகட்டிகள். நிறமாலை எடுக்க அலுமினியத் தகட்டில் 640 ஓட்டைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஒளியிழையைக் கையால் சொருகினார்கள். ஆமாம், கையால்தான். ஓர் ஓட்டைக்கு ஒரு கேலக்ஸி, இல்லை ஒரு குவாசர், இல்லை ஒரு நட்சத்திரம்.

டெராபைட் கணக்கில் கொட்டப்போகும் இந்தத் தரவை எங்கே, எப்படி வைப்பது? அந்தப் பொறுப்பு பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்ஸ் சாலையிடம் இருந்தது. ஹங்கேரியில் பிறந்த அண்டவியலாளர். இளமையில் அங்கே ராக் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர் என்பது உபரித் தகவல். அவருடைய குழு முதலில் தேர்ந்தெடுத்தது ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ். தொண்ணூறுகளில் அதுதான் ஃபேஷன். எல்லாம் ஆப்ஜெக்ட், எல்லாம் சி பிளஸ் பிளஸ். ஒரு சாதாரணக் கேள்வி கேட்கவும் புரோகிராம் எழுத வேண்டும்.

அந்த நேரத்தில்தான் மைக்ரோசாஃப்டில் இருந்த ஜிம் கிரே உள்ளே வருகிறார். அவர் டேபிள் எப்படி, இண்டெக்ஸ் எப்படி என்று ஆரம்பிக்கவில்லை. இந்தத் தரவிடம் நீங்கள் கேட்க விரும்பும் முக்கியமான இருபது கேள்விகளை எழுதிக் கொடுங்கள் என்றார்.

கிளையண்டிடம் தேவைகளைக் கேட்டு எழுதும் வேலையை நான் இருபது வருஷமாகச் செய்கிறேன். முந்நூறு பக்க ஆவணம் தயாராகும், கடைசியில் யாருக்கும் எதுவும் புரியாது. இருபது கேள்வி என்பது சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அதில் பெரிய சூட்சுமம் இருக்கிறது. ஐந்து என்றால் பொத்தாம்பொதுவாகப் போய்விடும், நூறு என்றால் எது முக்கியம் என்று தெரியாது. இருபது எழுத வேண்டுமென்றால் உட்கார்ந்து சண்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்தக் கேள்விகளில் ஒன்று, நகரும் சிறுகோள்களைக் கண்டுபிடி என்பது. ஐந்து வடிகட்டிகளிலும் படம் ஒரே நொடியில் பதிவாவதில்லை. ஒன்றன் பின் ஒன்றாக, சில நிமிட இடைவெளியில் பதிவாகிறது. நட்சத்திரம் அதே இடத்தில் இருக்கும். சிறுகோள் அதற்குள் கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் படங்களை ஒன்றாகச் சேர்க்கும்போது அது தனித்தனி வண்ணப் புள்ளிகளாகத் தெரியும். டேட்டாபேஸில் அதன் வேகம் ஒரு காலமாக இருந்தால், சிறுகோள் வேட்டை என்பது ஒரு வேர் நிபந்தனை, அவ்வளவுதான். இன்னொன்று, பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் ஜோடிகள். ஈர்ப்பு வில்லைகளைத் தேடுபவர்களுக்கு அது தேவை. இதற்குக் கோடிக்கணக்கான வரிசைகளை அவற்றோடே ஜாயின் செய்ய வேண்டும், சர்வர் மூச்சு முட்டிப்போகும். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் அண்டை வீட்டுக்காரர்கள் யார் என்று முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு தனி டேபிளில் போட்டுவைத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வானத்தை இண்டெக்ஸ் செய்த விதம். பி-ட்ரீ இண்டெக்ஸுக்கு எண்களை வரிசைப்படுத்தத் தெரியும், கோளத்தைத் தெரியாது. ஹாப்கின்ஸ் குழு வானக் கோளத்தை எட்டு முக்கோணங்களாகப் பிரித்தது. ஒவ்வொன்றையும் நான்காக, அதையும் நான்காக, இப்படியே இருபது நிலைகள். கடைசி முக்கோணத்தின் முகவரி ஒரு 64 பிட் எண்ணுக்குள் அடங்கிவிடும். அருகருகே உள்ள நட்சத்திரங்களுக்குப் பெரும்பாலும் அருகருகே எண்கள். பேங்க் கணக்கு எண்ணைத் தேடும் அதே பழைய பி-ட்ரீ இப்போது வானத்தைத் தேடியது.

2001 ஜூனில் முதல் தரவு வெளியீட்டோடு ஸ்கைசர்வர் தளம் திறந்தது. சுமார் 1.4 கோடி வான்பொருட்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிறமாலைகள். பொதுமக்களுக்கென்று அழகான படங்கள் போட்ட தனித் தளம், விஞ்ஞானிகளுக்குத் தனித் தளம் என்று செய்திருக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. இங்கே பள்ளி மாணவன் கேட்டாலும் பேராசிரியர் கேட்டாலும் பதில் ஒரே விதமான டேபிளிலிருந்துதான் வந்தது. பொதுவில் யார் வேண்டுமானாலும் எஸ்க்யூஎல் எழுதி அனுப்பலாம். ஆயிரம் வரிசை அல்லது முப்பது விநாடி என்ற வரம்பு மட்டும் இருந்தது. முகம் தெரியாத ஆட்கள் எழுதும் க்வெரியை உங்கள் புரொடக்‌ஷன் சர்வரில் ஓடவிடுவீர்களா? நான் விடமாட்டேன்.

பாடங்களும் கூடவே வந்தன. ஹாப்கின்ஸில் ஜோர்டன் ராடிக் அந்தப் பகுதியைக் கவனித்துக்கொண்டார். ஒரு பாடத்தில் மாணவன் சில கேலக்ஸிகளைத் தேர்ந்தெடுக்கிறான், பிரகாசத்தை வைத்து எது எவ்வளவு தொலைவு என்று ஊகிக்கிறான், நிறமாலையிலிருந்து செம்பெயர்ச்சியை எடுக்கிறான், இரண்டையும் கிராஃபில் போடுகிறான். அண்டம் விரிகிறது என்பது அவன் கையாலேயே வருகிறது. புள்ளிகள் நேர்கோட்டில் உட்காராது, சிதறித்தான் விழும். நம் செய்முறைத் தேர்வுகளில் விடையைத் தெரிந்துகொண்டு ரீடிங்கைப் பின்னோக்கி எழுதும் கலை இருக்கிறதே, அது இங்கே பலிக்காது. எந்த கேலக்ஸியை எடுத்தான் என்பதைப் பொறுத்து ஒவ்வொருவன் விடையும் மாறும்.

கிரே ஏன் வானியலைப் பிடித்தார்? அவரே வேடிக்கையாகச் சொன்ன காரணம், வானியல் தரவுக்குச் சந்தை மதிப்பே கிடையாது என்பது. காசு கிடைக்காது, யாருடைய அந்தரங்கமும் இல்லை, அதனால் தாராளமாகப் பகிரலாம். நெட்வொர்க் மெதுவாக இருந்தபோது டெராபைட்களை டிஸ்க்கில் ஏற்றி பார்சலில் அனுப்பும் முறையையும் அவர் குழு பரிசோதித்து அறிக்கை எழுதியது.

2007 ஜனவரி 28 அன்று, தன் தாயாரின் அஸ்தியைக் கரைக்க சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலான் தீவுகளை நோக்கித் தனியாகப் பாய்மரப் படகில் போனார் கிரே. திரும்பவில்லை. கடலோரக் காவல்படை தேடியது. பிறகு நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வாங்கித் துண்டு துண்டாக வெட்டி இணையத்தில் போட, ஆயிரக்கணக்கான முகம் தெரியாதவர்கள் ஒவ்வொரு துண்டிலும் படகு தெரிகிறதா என்று பார்த்தார்கள். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் இலவசமாக வெளியிட்ட வேர்ல்ட்வைட் டெலஸ்கோப் மென்பொருளை அவருக்குத்தான் சமர்ப்பித்தார்கள்.

அதே 2007 ஜூலையில் கேலக்ஸி ஜூ தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் கெவின் ஷவின்ஸ்கி ஸ்லோன் படங்களில் ஐம்பதாயிரம் கேலக்ஸிகளைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்திக் களைத்துப் போயிருந்தார். பாக்கி இருந்தது கிட்டத்தட்ட பத்து லட்சம். அவரும் கிறிஸ் லின்டாட்டும் மக்களிடமே கேட்டுப் பார்ப்போம் என்று தளத்தைத் திறந்தார்கள். முதல் வருஷத்தில் ஐந்து கோடிக்கும் மேல் வகைப்பாடுகள் வந்து சேர்ந்தன. இடஞ்சுழி கேலக்ஸிகள் வலஞ்சுழியைவிட அதிகம் என்று ஒரு முடிவு வந்தபோது எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் காட்டினார்கள். அப்போதும் இடஞ்சுழிதான் அதிகம்! கோளாறு அண்டத்தில் இல்லை, மனிதக் கண்ணில்.

சில பங்கேற்பாளர்கள் பச்சைப் பட்டாணி போன்ற சின்ன உருண்டைகளைக் கவனித்து, ஸ்கைசர்வரில் ஒவ்வொன்றின் நிறமாலையையும் திறந்து பார்த்து, வலுவான ஆக்ஸிஜன் கோடு இருப்பவற்றை மட்டும் தனியாகப் பொறுக்கினார்கள். தீவிரமாக நட்சத்திரங்களை உருவாக்கும் ஒரு புதுவகை கேலக்ஸி அது. 2009-ல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஆராய்ச்சியாளர்களின் டேபிள் அவர்களுக்கும் திறந்திருந்ததால்தான் இது முடிந்தது. வெறும் படங்கள் போட்ட பொதுமக்கள் தளமாக இருந்திருந்தால், பச்சையாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள்.

நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐசி 2497 என்ற கேலக்ஸியின் பக்கத்தில் ஒரு விநோதமான திட்டு இருப்பதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். பெரிய வாயு மேகம் அது. அந்த கேலக்ஸியின் நடுவில் ஒரு காலத்தில் எரிந்த குவாசர் இப்போது மங்கிவிட்டது, அதன் பழைய ஒளி மட்டும் இந்த மேகத்தை இன்னும் ஒளிரவைத்துக்கொண்டிருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். ஸ்கைசர்வரின் நேவிகேட் பக்கத்தில் முதல் கட்டத்தில் 145.27, இரண்டாவதில் 34.73 என்று கொடுங்கள். கேலக்ஸிக்குப் பக்கத்தில் திட்டு தெரியும். ஹப்பிள் படத்தில் பச்சையாக இருப்பது இங்கே நீலமாக இருக்கும். பயப்பட வேண்டாம். ஸ்லோன் படங்களில் பச்சை வடிகட்டி வழியாக வந்த ஒளிக்கு நீல நிறம் கொடுத்திருக்கிறார்கள். அந்த மேகத்தின் ஆக்ஸிஜன் ஒளி முழுவதும் அந்த வடிகட்டிக்குள்தான் விழுகிறது.