அல்கிந்தியின் நான்கு மாணவர்கள்

பக்தாத் நகரிலே ஒரு பெருவணிகர். கொடுக்கல் வாங்கல் முழுவதும் மகனின் பொறுப்பு. அயல்வீட்டில் அல்கிந்தி என்ற மெய்யியலறிஞர். வணிகருக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. போகுமிடமெல்லாம் குறைசொல்லித் திரிவார். ஒருநாள் மகன் திடீரென்று நினைவற்று விழுந்தான். யாரிடம் எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். வைத்தியர்கள் கைவிட்ட பிறகு, வேறு வழியின்றி அயல்வீட்டுக்கே ஆளனுப்பினார் வணிகர்.

அல்கிந்தி வந்தார். நாடி பார்த்தார். ஊது என்னும் நரம்பிசைக் கருவியில் தேர்ந்த தன் மாணவர் நால்வரை அழைத்து, இளைஞனின் தலைமாட்டில் வாசிக்கச் சொன்னார். நாடி மெல்லத் தெளிந்தது. அவன் எழுந்திருந்து பேசினான். "கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொள்ளும்" என்றார் அல்கிந்தி. கணக்கெல்லாம் எழுதி முடிந்தது. வாசித்தவர்கள் அந்த முறையிலிருந்து வழுவியதும் இளைஞன் பழைய நிலைக்குத் திரும்பினான். மீண்டும் வாசிக்கச் சொல்லித் தகப்பன் மன்றாடியும் பயனில்லை. எஞ்சியிருந்த ஆயுள் அவ்வளவுதான் என்றுவிட்டார் அல்கிந்தி.

1248இல் மறைந்த இப்னுல் கிப்தி எழுதிவைத்த கதை இது. அல்கிந்தியோ 9ஆம் நூற்றாண்டுக்காரர். இடையில் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள். ஆகவே இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், "நல்ல கட்டுக்கதை, பிள்ளைகளே" என்று முடிப்பது என் வழக்கம்.

2013இல் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிற்று. ஓர்ஸ் ஹில்லில் தங்கச்சி வீட்டில் வைத்துப் பார்த்தோம். தண்ணீர் கேட்கக்கூட வாய் வராது. கண் மட்டும் கலங்கும். ஒரு பின்னேரம் தங்கச்சியின் கைக்குழந்தை சிணுங்கியது. "நானா, ஓடி வாங்க!" என்று அவள் கத்தினாள். உம்மா தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், சொல் ஒன்றும் பிசகாமல்.

பேச்சை உருவாக்கும் இடம் பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்க முன்மடலில் இருப்பதை 1860களில் பாரிஸ் வைத்தியர் புரோக்கா காட்டினார். மெட்டை அறிவதில் வலப்பக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. 1973இல் பொஸ்டனில் அல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற மூவர் இதை ஒரு சிகிச்சை முறையாக்கினார்கள். சொல்லை மெட்டில் ஏற்றி, அசைக்கு ஒரு தட்டாக நோயாளியின் இடக்கையில் தட்டிப் பழக்குவது. 2011இல் ஜேர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள், இதில் மெட்டைவிடத் தாளமும், வாயில் ஊறிப்போன வரிகளுமே முக்கியம் என்றார்கள். தாலாட்டில் இரண்டும் இருக்கின்றன. விவாதம் இன்னும் ஓயவில்லை.

அல்கிந்தி ஊதின் நான்கு நரம்புகளை உடலின் நான்கு திரவங்களோடு பொருத்தினார். அந்தக் கணக்குப் பிழை. நோயாளியின் தலைமாட்டில் நின்று பார்த்தவரின் கண் பிழையென்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. 1488இல் எதிர்னேயில் கட்டப்பட்ட இரண்டாம் பாயசீதின் வைத்தியசாலையில் நோயாளருக்காக இசைஞர்கள் வாசித்ததை எவ்லியா செலெபி எழுதியிருக்கிறார். நம் பக்கத்திலோ, இங்கே திருகோணமலையில் அதிபராயிருந்த விபுலாநந்த அடிகள் 1947இல் தந்த யாழ் நூலில் நரம்புகளின் கணிதம் இருக்கிறது. கேட்பவனின் மூளை அவர் எடுத்த பொருளல்ல.

பெரிய நானாவுக்குப் பாட்டும் தட்டும் பிடிக்கவில்லை. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில், தொட்டில் குழந்தை இனிய குரலுக்கு அடங்குவதையும், ஒட்டகம் பாட்டுக்கேட்டுப் பாரத்தை மறந்து நடப்பதையும் எடுத்துக்காட்டுவதை வாசித்துக் காட்டினேன். பதில் சொல்லவில்லை, ஆனால் அறையை விட்டுப் போகவுமில்லை.

தங்கச்சி இடக்கையில் தட்டித் தட்டி, தாலாட்டு மெட்டிலேயே "தண்ணி" என்ற சொல்லைப் பழக்கினாள். மூன்று கிழமையில் வந்தது. அதன் பிறகுதான் எங்கள் கணக்கு. உம்மா அயல் பெண்களுக்குச் சீட்டுப் பிடித்தவர். யாருக்குக் காசு கொடுக்கவேண்டும் என்பது எங்கும் எழுதப்படவில்லை. கடனோடு போய்விடுவேனோ என்ற பயம் அவர் கண்ணில் தெரிந்தது. நான் பாடசாலைக் கொப்பியோடு கட்டிலருகே உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் ஐந்து பெயர்கள், எல்லாம் மெட்டோடு. நான்கு பேருக்குக் காசு போய்ச் சேர்ந்தது. ஐந்தாவது பெயரை உம்மா பலமுறை பாடினார். எங்களுக்கு விளங்கவில்லை. கேட்டபடியே எழுதிவைத்தேன். கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.