துணைப் பயிர் முறையின் வரலாறு

ஒரு பயிரின் அருகே அதற்கு நன்மை தரும் வேறொரு பயிரையும் சேர்த்து வளர்ப்பது துணைப் பயிர் முறை எனப்படும். இன்றைய இயற்கைக் காய்கறித் தோட்டங்களில் இது புதுமுறை போலப் பேசப்படுகிறது. ஆனால் கலப்புப் பயிர், ஊடுபயிர், வரப்புப் பயிர் என்ற பெயர்களில் தமிழக மானாவாரி நிலங்களில் இது நெடுங்காலமாக இருந்துவருகிறது.

பழைய வழக்கம்

தினை அறுத்த தாளில் அவரைக்கொடி பூக்கும் பனிக்காலத்தைக் குறுந்தொகையின் 82ஆம் பாடல் காட்டுகிறது. திருத்தணியை அடுத்த அம்மையார்குப்பம் போன்ற வட தமிழக ஊர்களின் மேட்டு நிலங்களுக்கு மழையே ஆதாரம். இத்தகைய நிலங்களில் கேழ்வரகுக்கு இடையே அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றில் ஒன்றையும், நிலக்கடலைக்கு இடையே துவரையையும் விதைப்பர். வரப்பில் ஆமணக்கு நிற்கும். கேழ்வரகு முன்னதாக அறுவடையாகும். ஆழமாக வேர்விடும் துவரை அதன்பின்னும் நின்று காய்க்கும். மழை பொய்த்து ஒன்று கருகினாலும் மற்றொன்று கைகொடுக்கும். கூழுக்குத் தானியம், குழம்புக்குப் பருப்பு, விளக்குக்கு எண்ணெய் என மூன்றும் ஒரே நிலத்தில் கிடைத்தன. அமெரிக்கப் பழங்குடியினர் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் சேர்த்து வளர்த்ததும் இதைப் போன்றதே.

அறிவியல் விளக்கம்

பயறு வகைகள் வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்படுத்துகின்றன என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். இந்திய வேளாண்மையை ஆராய வந்த ஆங்கிலேய வேதியியல் அறிஞர் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இந்திய உழவர்களின் கலப்புப் பயிர் முறையைப் பாராட்டினார்.

சரிவும் மீட்சியும்

1960களின் பிற்பகுதியில் தொடங்கிய பசுமைப் புரட்சி தனிப்பயிருக்கு முதன்மை தந்தது. இதனால் தானிய விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் அகன்ற இலைக் களைகளை அழிக்கும் களைக்கொல்லி, கேழ்வரகை விட்டு ஊடே நிற்கும் அவரையை அழித்துவிடும். இயந்திர அறுவடைக்கும் ஒரே சீரான பயிரே ஏற்றது. இவ்வாறு ஊடுபயிர் குறைந்தபோது, வீட்டுக்கென எடுத்துவைக்கும் அவரை, மொச்சை விதைகளும் குறைந்தன. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையப் பணியை விட்டு விலகிய கோ. நம்மாழ்வார் (1938–2013), பல பயிர்களைச் சேர்த்து வளர்ப்பதை ஊர் ஊராக எடுத்துரைத்தார்.

தோட்டத்தில்

தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை துலுக்கச் சாமந்தி நட்டால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி சாமந்தியை நாடி முட்டையிடும். இது பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டுமாதலால் 45 நாள் சாமந்தி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒன்றாக நட வேண்டும். நிலக்கடலை வரப்பிலுள்ள ஆமணக்கும் இவ்வாறே புரொடீனியா புழுவைத் தன்பால் இழுக்கிறது. அதன் இலைகளிலுள்ள முட்டைக் குவியல்களைக் கிள்ளி அழித்தால்தான் பயன் உண்டு. கவனியாது விட்டால் புழு பெருகிக் கடலைக்கே பரவும். துணைப் பயிர் உழவரின் கண்காணிப்புக்கு உதவுமேயன்றி, அதற்கு மாற்றாகாது.