மோட்டார் சைக்கிள் எண்ணெய்: பெயரும் பொருளும்

எள்ளின் நெய்யே எண்ணெய். காலப்போக்கில் அச்சொல் தன் பிறப்பை மறந்து, தேங்காய்க்கும் வேம்புக்கும் மண்ணுக்கும் உரியதாகி, 'நல்ல' என்னும் அடைகொடுத்தாலன்றி எள்ளைக் குறிக்காத நிலையை அடைந்தது. சொற்பொருள் விரிவுக்கு எடுத்துக்காட்டாகத் தமிழாசிரியர்கள் வகுப்பில் கூறும் இச்செய்திக்கு இணையான ஒன்று மோட்டார் சைக்கிள் பட்டறைகளிலும் நிகழ்ந்திருக்கிறது. வண்டிக்குக் கனிம எண்ணெய் ஊற்றுவதா, அதனினும் விலை மிகுந்த செயற்கை எண்ணெய் ஊற்றுவதா என்னும் வினா, எண்ணெய் மாற்றச் செல்வோர் முன் ஒவ்வொரு முறையும் வைக்கப்படுகிறது. 'செயற்கை' என்ற சொல் எதனைக் குறிக்கிறது என்று அறியாமல் அதற்கு விடை கூறுதல் அரிது. அச்சொல்லோ ஒருபொருளில் நிலைத்து நின்றதன்று.

மாட்டுவண்டியின் அச்சுக்கு, வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகிட்டவர் தமிழர். அதே ஆமணக்குத்தான் மேலைநாட்டு மோட்டார்ப் பொறிக்கும் தொடக்கத்தில் கைகொடுத்தது. 1899இல் இலண்டனில் சார்லஸ் வேக்பீல்டு நிறுவிய வாணிக நிலையம், 1909இல் மோட்டார் வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் ஏற்றதென ஆமணக்கெண்ணெய் சேர்ந்த மசகு ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதைக் கொண்டே அதற்குக் 'காஸ்ட்ரால்' என்று பெயரிட்டனர். இன்று அப்பெயர் பொறித்த புட்டியைக் கையில் எடுப்போருள், அதனுள் ஆமணக்கு மறைந்து நிற்பதை அறிவோர் சிலரே.

ஆமணக்கெண்ணெய் உலோகத்தை விடாது பற்றும். மிகுந்த வெப்பத்திலும் அதன் படலம் எளிதில் அறாது. பெட்ரோலோடு எளிதில் கலந்து நீர்த்துப்போகாது. ஆதலால் பந்தய ஓட்டிகள் அதனைப் பெரிதும் விரும்பினர். முதல் உலகப் போரின் சுழற்பொறி விமானங்களும் அதனைக் கொண்டே பறந்தன. அவை எரியாத எண்ணெயைப் பின்னோக்கி வீசின. விமானியின் முகத்திலும் அது படிந்தது. விளக்கெண்ணெயின் மற்றொரு பயனை இளமையிலேயே அன்னையர் கையால் அறிந்தவர்களுக்கு, அவ்விமானிகள் பட்ட பாட்டை விளக்க வேண்டுவதில்லை.

அதற்கு ஒரு பெருங்குறையும் உண்டு. வெப்பத்தில் அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிப் பிசின்போல் இறுகி, பிஸ்டன் வளையங்களை ஒட்டவைத்துவிடும். பந்தயம் முடிந்ததும் பொறியைப் பிரித்துத் துடைப்பவருக்கு அஃது ஓர் இடரன்று. நாள்தோறும் வேலைக்குச் செல்பவருக்கு ஆகுமா? 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பார் கிணறு தோண்டி எண்ணெய் கண்ட பின்னர்ப் பெருகிய கனிம எண்ணெய், மலிவாலும் இந்தப் பிசின் தொல்லை குறைந்தமையாலும் சாலை வண்டிகளைத் தனதாக்கிக் கொண்டது. அக்கால மோட்டார் சைக்கிளில் எண்ணெய் சுழன்று திரும்புவதில்லை. ஓட்டுபவர் சில மைலுக்கு ஒருமுறை கையாற் பம்பை அழுத்தி எண்ணெய் செலுத்துவார். அது பயன்பட்டபின் எரிந்தும் ஒழுகியும் போய்விடும். அத்தகைய பொறியில் எண்ணெய் நெடுநாள் உழைக்குமா என்ற கேள்விக்கே இடமில்லை.

செயற்கை எண்ணெய் பிறந்தது மோட்டார் சைக்கிளுக்காக அன்று. 1929இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த மசகெண்ணெயை விற்க முயன்று, வாங்குவாரின்றிக் கைவிட்டது. பெட்ரோலிய வளம் குன்றிய செருமனியில்தான் அம்முயற்சி வேரூன்றியது. ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தைச் சேர்ந்த எர்மன் சோர்ன் முதலிய வேதியியலர் ஆயிரக்கணக்கான எஸ்டர் சேர்மங்களை ஆராய்ந்தனர். இரண்டாம் உலகப் போரில், உருசியக் குளிரில் கனிம எண்ணெய் இறுகிப் பொறிகள் புரள மறுத்தபோது இவ்வாராய்ச்சியின் அருமை புலப்பட்டது. போருக்குப்பின் ஜெட் விமானம் வந்தது. வானின் உயரத்தில் கடுங்குளிரையும், பொறியின் நடுவே கடுவெப்பத்தையும் ஒருங்கே தாங்கும் மசகு அதற்கு வேண்டியிருந்தது. 1950களில் அதற்கெனக் கொண்ட எஸ்டர்களுள் முதன்மையானவை செபாசிக் அமிலத்தினின்று ஆக்கப்பட்டவை. அந்த அமிலம் எதிலிருந்து எடுக்கப்படுகிறது? ஆமணக்கெண்ணெயிலிருந்தே. பிசினாகிறது என்று சாலையினின்று விலக்கப்பட்ட செடி, வேதியியல் வாயிலாக உருமாறி வானில் ஏறிக்கொண்டது.

இங்கே நம் சொல்வழக்குச் சற்றே தடுமாறுகிறது. செயற்கை எண்ணெயின் மற்றொரு பெரும்பிரிவு, 'பாலி ஆல்பா ஓலிபின்' எனப்படுவது. அதற்கு வேண்டிய எத்திலீன், பெட்ரோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் வருவது. ஆகவே செயற்கை என்று பெயர்பெற்றவற்றுள் ஒன்று நிலத்தடியில் தோன்றியது. மற்றொன்று வயலில் விளைந்தது. வேறுபாடு பிறப்பிடத்தில் இல்லை. ஒரே அளவான மூலக்கூறுகளாகக் கட்டியமைத்த முறையில் இருக்கிறது. கனிம எண்ணெயில் பெரியதும் சிறியதுமாய்ப் பலவகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். மெலிந்தவை வெப்பத்தில் ஆவியாகும், நிலையற்றவை விரைவிற் கெடும்.

1970களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செயற்கை எண்ணெய் பொதுமக்களின் கார்களுக்கு வந்தது. மோட்டார் சைக்கிளின் நிலையோ வேறு. அதை உணர 1958ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பொறிக்கு ஓர் எண்ணெய், கியர்ப்பெட்டிக்கு வேறோர் எண்ணெய். அவ்வாண்டு ஹோண்டா வெளியிட்ட 'சூப்பர் கப்', நம் நாட்டவர் 'கப்சாய்' என்றழைக்கும் இனத்தின் முன்னோடி, ஒரு லிட்டருக்கும் குறைந்த எண்ணெயையே மூன்று பணிக்கும் ஏவியது. பிஸ்டனுக்கு வழுக்கலும், கியர்ப் பற்களுக்கு வலிமையும், கிளச் தகடுகளுக்குப் பிடிப்பும் அதுவே தரவேண்டும். வழுக்கவும் வேண்டும், வழுக்காமற் பிடிக்கவும் வேண்டும்! காரின் எண்ணெய்க்கு இவ்விடர்ப்பாடு பெரும்பாலும் இல்லை. மலாய்க்காரர் 'மின்யாக் ஈத்தாம்', அதாவது கருப்பெண்ணெய், என்று எளிதாய்ச் சொல்லும் ஒன்று எத்துணைச் சுமையைத் தாங்குகிறது பாருங்கள்.

1990களில் இச்சுமை வெளிப்படையாயிற்று. பெட்ரோலைச் சிக்கனப்படுத்தும் பொருட்டுக் கார் எண்ணெயில் உராய்வு குறைக்கும் மருந்துகள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டன. அதனை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால், நனைந்த கிளச் தகடுகள் நழுவ இடமுண்டு. ஜப்பானியர் 1998இல் 'ஜாசோ' என்னும் தரக்குறியீட்டில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனிவிதி வகுத்தனர். பிடிப்பு நிலைக்கும் எண்ணெய்க்கு 'எம்ஏ', வழுக்கல் மிகுந்ததற்கு 'எம்பி' என்று குறியிட்டனர். 2006இல் 'எம்ஏ' மேலும் இரண்டாகப் பகுக்கப்பட்டது; அவற்றுள் 'எம்ஏ2' பிடிப்பில் மேம்பட்டது. கிளச் எண்ணெயில் நனையாத, வார்ப்பட்டையால் ஓடும் ஸ்கூட்டருக்கு 'எம்பி' பொருந்தும், கப்சாய்க்குப் பொருந்தாது. அடிப்படை எண்ணெய் கனிமமா செயற்கையா என்று அவ்விதி கேட்கவேயில்லை.

1990களின் இறுதியில் அமெரிக்காவில் சொற்போர் மூண்டது. கனிம எண்ணெயையே நீரகவாயுவின் துணையால் கடுமையாகப் பதப்படுத்தி, மூலக்கூறுகளை உடைத்துத் திருத்திச் செய்ததொன்றைக் காஸ்ட்ரால் நிறுவனம் 'செயற்கை' என்று விற்றது. அவ்வாறு விற்றல் தகாது என மோபில் நிறுவனம் விளம்பரத் தரங்களை ஆராயும் மன்றத்தில் முறையிட்டது. 1999இல் மன்றத்தின் தீர்ப்பு காஸ்ட்ராலுக்குச் சார்பாயிற்று. அதன்பின் அமெரிக்க வாணிகத்தில் 'செயற்கை' என்பது செய்முறையின் பெயராக இராமல் தரத்தின் பெயராகத் தளர்ந்தது. பிற நாட்டுச் சந்தைகள் பலவும் அவ்வழியே சென்றன. 'அரைச் செயற்கை' என்பதோ இன்னும் தளர்ந்த சொல்; புட்டியில் செயற்கைப் பங்கு எத்தனை விழுக்காடு இருக்கவேண்டும் என்ற பொதுவிதி அதற்கில்லை. பாலில் எவ்வளவு நீர் என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. இதில் கேட்டாலும் விடை வராது.

அப்படியாயின் மிகுந்த விலை வீணா? முற்றிலும் அன்று. செயற்கை எண்ணெயின் முதற்பெருமை குளிரில் இறுகாமை. உறைபனி காணாத ஈப்போவிலும் உட்லண்ட்சிலும் அதற்கு வேலையில்லை. இரண்டாவது பெருமை வெப்பத்தைத் தாங்குதல். நெரிசலில் நின்று நின்று செல்லும், காற்றால் மட்டும் குளிரும் பொறிக்கு அது மெய்யாகவே பயன்படும். மூன்றாவதும் ஒன்றுண்டு. சூட்டில் எண்ணெய் மிகவும் இளகாதிருக்க நீண்ட தொடர் மூலக்கூறுகளைச் சேர்ப்பர். கியர்ப் பற்கள் அவற்றைக் கத்தரித்துவிடுவதால் எண்ணெய் நாளடைவில் நீர்த்துப்போகும். நல்ல செயற்கை எண்ணெய்க்கு அச்சேர்க்கை குறைவாகவே வேண்டும். உயர்வேகப் பெரிய வண்டிக்கும், நாள்முழுதும் உணவோ அஞ்சலோ சுமந்து திரிபவரின் வண்டிக்கும் இவை பொருட்படுத்தத் தக்கவை.

சிறு கப்சாயில் நாளுக்குச் சில மைல் செல்பவரின் நிலை வேறு. ஹோண்டாவின் சிறு வண்டிகளுக்குரிய கைந்நூல்கள் பலவற்றில் எண்ணெய்க்கெனக் கேட்கப்படுவன மூன்றே: உரிய தடிப்பு, 'எஸ்ஜி' அல்லது அதற்கு மேற்பட்ட அமெரிக்கத் தரம், ஜாசோ 'எம்ஏ'. எரிபொருட் சிக்கனக் குறியுள்ள எண்ணெயை விலக்குக என்றும் அவை கூறும். இத்தகைய வண்டியில் விலையுயர்ந்த எண்ணெயை ஊற்றி இருமடங்கு தொலைவு ஓட்டுவதைவிட, 'எம்ஏ' குறியுள்ள கனிம எண்ணெயைக் கைந்நூல் சொன்ன தொலைவில் தவறாமல் மாற்றுதலே சாலும். பெட்ரோற் கசிவும் எரிபுகைக் கரியும் எவ்வகை எண்ணெயிலும் ஒன்றுபோலவே சேர்கின்றன. புட்டியின் முன்புறம் பெரிய எழுத்தில் இருப்பது பெயர். 'எம்ஏ' என்னும் குறியோ பெரும்பாலும் பின்புறத்தில், எண்களோடு கூடிய சிறு கட்டத்துக்குள் இருக்கும்.